இடப்பக்க சீட்டில் இருப்பவன் பேச வேண்டும்

போன வாரம் தென்காசியில் லாரி ஷெட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நாலைந்து டிரைவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கம்பெனி வண்டிகளில் கேபினுக்குள் கேமரா மாட்டப் போகிறார்களாம். ரோட்டைப் பார்க்க ஒன்று, டிரைவர் மூஞ்சியைப் பார்க்க ஒன்று. "அண்ணாச்சி, நீங்க ரிட்டயர் ஆவதுக்கு முன்னால அதுல ஓட்டுனவியதான? ரொம்பத் தொந்தரவா இருக்குமா?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. டீ மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, அவர்கள் பயந்துபோய் முதுகைத் தட்டிவிட்டு, பதில் வாங்காமலே போய்விட்டார்கள். வாயால் சொன்னால் நடக்காது என்று தெரிந்துவிட்டது. எழுதினால் நடுவில் நிறுத்திச் சிரித்துவிட்டுத் தொடரலாம்.

நான் முப்பத்தேழு வருடம் லாரி ஓட்டினவன். சொந்த ஊர் இலஞ்சி. கிளீனராக ஏறி மூன்று வருடம் கண்ணாடி துடைத்தேன், தார்ப்பாய் கட்டினேன், இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி வருகிற சத்தத்திலேயே காற்று எவ்வளவு என்று சொல்லப் பழகினேன். பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட விட்டார்கள். அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அடி வாங்கினேன், கற்றுக்கொண்டேன், மீசை முளைத்தது.

கடைசிப் பதினெட்டு வருடம் ஒரே முதலாளியிடம். அவருக்குப் பன்னிரண்டு லாரிகள். செங்கோட்டை போகிற ரோட்டில் வீடு, வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஆள் நல்லவர். ஒரு நாளும் கை நீட்டியதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவரிடம் திட்டு வாங்குவதற்குப் பதில் அடியே வாங்கிவிடலாம். முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியால் துடைப்பார். இரண்டு பக்கமும் ஊதுவார். மாட்டுவார். பிறகு, "நான் ஒண்ணு கேக்கேன்" என்று ஆரம்பிப்பார். நாம் பதில் சொல்ல வாயெடுத்தால், "இரு, நானே சொல்லுதேன்" என்று அவரே சொல்லிவிடுவார். "லாரிக்கு எத்தன டயரு? நானே சொல்லுதேன். பத்து. மலையில வச்சி ஒண்ணு வெடிச்சா மிச்சம் எத்தன? நானே சொல்லுதேன். ஒம்பது இல்ல. ஒண்ணுமே இல்ல." இப்படி முக்கால் மணி நேரம் போகும்.

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் இதோடு தும்மலும் சேர்ந்துகொள்ளும். எப்போதும் மூன்று. இரண்டு தும்மிவிட்டு, மூன்றாவது வருவதற்கு முன் வலது ஆள்காட்டி விரலை மேலே தூக்குவார். ஆபீஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தும்மல் வந்து, விரல் இறங்கி, அதன் பிறகு திட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு தடவை மூன்றாவது வரவே இல்லை. விரலைத் தூக்கியபடியே ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நாங்கள் யாரும் அசையவில்லை.

ஆனால் வேலை முறையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிளீனர் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போன பிறகு, புளியரை மலை ஏறிக் கேரளா போகிற வண்டிகளுக்கு இரண்டு டிரைவர் என்று வைத்தார். ஏற்றத்துக்கு ஒருவன், இறக்கத்துக்கு ஒருவன். ஓட்டாதவன் இடப்பக்க சீட்டில் இருக்க வேண்டும். அவனுக்குத் தூக்கம் கிடையாது, போன் கிடையாது. அவன் வேலை பேசுவது. ஓட்டுகிறவன் சாப்பிட்ட மயக்கத்தில் சொக்கிவிடாமல் ஏதாவது பேசிக்கொண்டே வர வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதியே மாட்டியிருந்தார்: இடப்பக்க சீட்டில் இருப்பவன் பேச வேண்டும்.

பேசுவதில் என்னை மிஞ்ச அந்த ஷெட்டில் ஆள் இல்லை. எனக்கு ஜோடியாக வந்தவன் சுலைமான். கடையநல்லூர்க்காரன், என்னைவிட ஆறு வயது சின்னவன். அவனுடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் வளைகுடாவில் இருக்கிறார்கள். இவன் ஒருத்தன்தான் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "அங்கன மலை இல்ல அண்ணாச்சி. ரோடு நேரா போவுது. தூங்கிப் போவேன்" என்பான். இறக்கத்தில் அவனைப்போல் லாரி இறக்குகிறவனை நான் பார்த்ததில்லை. கியர் போட்டுப் பிரேக்கைத் தொடாமல் இறக்குவான். மடியில் குழந்தை வைத்துக்கொண்டு உட்காரலாம், முழிக்காது.

அவன் சிரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வழக்கே அதன்மேல்தான். சுலைமானுக்குச் சிரிப்பு வந்தால் முதலில் சத்தம் வராது. கண் இறுக மூடிக்கொள்ளும். வாய் திறக்கும். தலை பின்னால் சாய்ந்து சீட்டில் முட்டும். வயிறு மட்டும் குலுங்கும். நாம் இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறுகிற நேரத்தில் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் கண் திறக்கும்.

கேமரா வந்த அன்று முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்து இங்கிலீஷில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். யாரும் படிக்கவில்லை. முன்கண்ணாடிக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. கண் மூடினால் கத்தும், கொட்டாவி விட்டால் கத்தும், ஸ்டியரிங்கை விட்டால் கத்தும். முதல் வாரம் இந்தியில் கத்தியது. நாங்கள் அது பாட்டுக்குப் பேசட்டும் என்று விட்டுவிட்டோம். பிறகு யாரோ தமிழுக்கு மாற்றினார்கள். ஒரு பெண் குரல், பள்ளிக்கூடத்துத் தமிழில், "ஓட்டுநரே, விழித்திருக்கவும்" என்றது. சுலைமான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "யாரு அண்ணாச்சி இந்த அம்மா?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

அந்த அம்மாவால் நாங்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. கேபின் என்பது டிரைவருக்கு வீடு. அதில்தான் சட்டையைக் கழற்றிப்போட்டுப் பனியனோடு இருப்போம், கைலி மாற்றுவோம், லோடு இறங்குகிற வரை கால் நீட்டிப் படுப்போம், சொறிந்துகொள்வோம். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு கண். அந்தக் கண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. ஒருவர் கைலி மாற்றும்போதெல்லாம் கேமராவுக்குத் தன் துண்டைப் போர்த்திவிடுவார். "பார்வை மறைக்கப்பட்டுள்ளது" என்று அது கத்தும். அவர், "மறைக்கத்தாம்மா செய்யுதேன்" என்று அதனிடமே சொல்வார். இலஞ்சி முருகன் கோபுரத்தைப் பார்த்ததும் நான் இரண்டு கையாலும் கும்பிட்டுவிடுவேன், அது ஐந்து வயதிலிருந்து உள்ள பழக்கம். தினமும் காலையில் என் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு விழும். டீ கிளாசை வாயருகே கொண்டுபோனால் செல்போன் என்று எழுதிக்கொள்ளும்.

இந்தக் கோடுகளையெல்லாம் பார்த்து வாராவாரம் தாள் எடுப்பவள் ஆபீஸில் ஜெயந்தி. கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் அவள்தான். இரண்டு பிள்ளைக்குத் தாய், எங்கள் தெருப் பெண், என்னை மாமா என்பாள். "மாமா, இந்த வாரம் முருகனுக்கு ஆறு கோடு" என்று சிரிப்பாள்.

இனி அந்த நாள். ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. புனலூரில் அரிசி இறக்கிவிட்டு அன்னாசிப்பழம் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மீன்குழம்போடு மோட்டா அரிசிச் சாப்பாடு, மதியம் இரண்டரை மணி. ஏற்றத்துக்கு நான் ஓட்டினேன். மலை உச்சியில், கோட்டைவாசலில் சீட்டு மாறினோம். புளியரை இறக்கத்துக்குச் சுலைமான் உட்கார்ந்தான். நான் இடப்பக்கம். அவன் முகத்தில் சாப்பாட்டு மயக்கம் தெரிந்தது. என் வேலையை ஆரம்பித்தேன்.

அன்று எனக்கு நாக்கில் என்ன வந்து உட்கார்ந்ததோ தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றுவதுபோல் கழற்றினேன், ஊதினேன், மாட்டினேன். அச்சு அசல் முதலாளியாகவே ஆகிவிட்டேன். சுலைமான் கண் மூடியது. "ஓட்டுநரே, விழித்திருக்கவும்" என்றது பெட்டி. நான் முதலாளி குரலிலேயே பெட்டியைப் பார்த்து, "நான் ஒண்ணு கேக்கேன், நீ யாரு வீட்டுப் புள்ள?" என்றேன். அவனுக்கு மறுபடி கண் மூடியது. பெட்டி மறுபடி கத்தியது. அது கத்தக் கத்த எங்களுக்குச் சிரிப்பு கூடியது. வளைவுகள் முடிந்து புளியரைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் விலா வலித்தது.

மறுநாள் நான் லீவு. மகளைத் திருவேங்கடத்தில் கட்டிக்கொடுத்திருந்தேன், அவளுக்குப் பிரசவம். பேத்தியைக் கையில் வாங்கிவிட்டு, பத்து நாள் அங்கேயே இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். ஷெட் கேட்டைத் திறந்துவிட்டவன் சுலைமான்.

"என்னலே, இங்கன என்ன செய்யுத?"

"கேட்டத் தொறக்கேன் அண்ணாச்சி."

"அது தெரியுது. வண்டிக்குப் போவலையா?"

"வண்டியில ஏறக் கூடாதாம். தூங்குதேனாம்."

ஏழு தூக்கம், நாலு கொட்டாவி, அத்தனையும் புளியரை இறக்கத்தில் என்று தாள் வந்திருக்கிறது. முதலாளி படத்தைப் பார்த்திருக்கிறார். மலையில் தூங்குகிறவனுக்கு என் வண்டியில் இடமில்லை, கேட்டில் உட்காரட்டும் என்றுவிட்டார். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாத மனிதன், நீலச்சட்டை போட்டுக்கொண்டு மற்றவர்கள் வண்டிக்குக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

"சிரிச்சேன்னு சொல்ல வேண்டியதுதானல?"

"சொன்னா எதுக்குச் சிரிச்சன்னு கேப்பாரு. கேட்டாரு. எப்பவும் நானே சொல்லுதேன்னு அவரே சொல்லிருவாரு. அன்னைக்குன்னு பாத்து என்னையச் சொல்லச் சொல்லிட்டாரு அண்ணாச்சி."

"சொல்லிருக்கணும்."

"ஒங்களுக்கு இன்னும் எட்டு மாசந்தான் இருக்கு. கெட்ட பேரோட எறங்க வேண்டாம். எனக்கு என்ன, கேட்டும் இரும்பு, வண்டியும் இரும்பு."

அதைச் சொல்லிவிட்டு அவன் வேறு பக்கம் பார்த்தான். நேரே ஜெயந்தியிடம் போனேன். அவள் படத்தைக் காட்டினாள். சத்தமில்லாத படம், ஒவ்வொன்றும் பத்து விநாடி. கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, தலை சாய்ந்திருக்கிறது. சிரிப்பு என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. தூங்குகிற மனிதன்தான். பக்கத்து சீட்டில் ஒருத்தன் உட்கார்ந்து ஆட்டம் போடுவது அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

"ஏட்டி, இது சிரிப்பு. பக்கத்துல நான் இருந்தேன்."

"அப்ப சத்தத்தைக் கேட்டா தெரிஞ்சிரும் மாமா."

"எந்தச் சத்தம்?"

"பெட்டியில சத்தமும் பதியுதுல்லா. நீங்க கையெழுத்துப் போட்ட தாளுல இருக்கே. எனக்குத் தொறக்காது. சார் பாஸ்வேர்டு போட்டாத்தான் தொறக்கும். பதினஞ்சு நாள்ல தானா அழிஞ்சிரும். இன்னைக்குப் பன்னெண்டாவது நாள்."

பெட்டி மாட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அந்தக் கேபினில் நாங்கள் என்னதான் பேசவில்லை? முதலாளியின் நடை, முதலாளியின் தும்மல், முதலாளிக்குக் காரை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத விஷயம், என் சம்பந்தி, சுலைமானின் மச்சான், எங்கள் மூலம், எங்கள் வாய்வு. செய்தி ஷெட்டில் பரவியதும் ஒவ்வொரு முகமாக வெளுத்தது. ஒருவர், தனியாகப் போகும்போதெல்லாம் பாட்டுப் பாடுவாராம், அதை நினைத்தே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கைலிக்காரர், "கண்ணுக்குத் துண்டு போட்டேன், காதுக்குப் போடலையே" என்றார்.

இருந்தது மூன்று நாள். சுலைமான் தூங்கவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சி அந்தச் சத்தம். அதைத் திறக்கக்கூடிய ஒரே மனிதர் முதலாளி. திறந்தால் அவர் கேட்கப்போவது என்னை. அன்று சாயங்காலம் ஐந்தருவிக்குப் போய்த் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தேன். அங்கேதான் சத்தம் போட்டுப் பேசினால் யாருக்கும் கேட்காது. "மொதலாளி, நான் ஒண்ணு சொல்லணும்" என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற வெளியூர்க்காரர், "என்னங்க, எங்கிட்டயா சொல்றீங்க?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

மறுநாள் காலையில் முதலாளி முன்னால் நின்றேன்.

"மொதலாளி, சுலைமான் தூங்கல. பெட்டியில சத்தம் இருக்காம். நீங்க அதைக் கேக்கணும்."

"அதுல என்ன இருக்கு?"

"நீங்க இருக்கிய."

"நான் எப்படில வண்டியில இருப்பேன்?"

"கேளுங்க மொதலாளி. கேட்டுட்டு என்னைய என்ன வேணாலும் செய்ங்க."

சுலைமானைக் கேட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவன் வாசல்படியில் நின்றுகொண்டு, வேண்டாம் என்று எனக்குக் கண்ஜாடை காட்டினான். முதலாளி பாஸ்வேர்டு போட்டார். ஜெயந்தி ஸ்பீக்கரைத் திருகினாள். இஞ்சின் சத்தம், மழைத்துடைப்பான் சத்தம், அதற்கு மேலே முதலாளி குரலில் நான்.

"சுலைமான், நான் ஒண்ணு கேக்கேன். எனக்கு எத்தன கண்ணு? நானே சொல்லுதேன். ரெண்டு. கண்ணாடியோட நாலு. பன்னெண்டு வண்டிக்கு எத்தன கேமரா கண்ணு? இருபத்தி நாலு. ஆக மொத்தம் இருபத்தெட்டு. இருபத்தெட்டுக் கண்ணு இருக்கிற வீட்டுல, நாலு மணிக்கு வார பரோட்டாப் பொட்டலம் அம்மா கண்ணுல மட்டும் படாம எப்படி உள்ள வருது? நானே சொல்லுதேன். ஜன்னல் வழியா வருது."

முதலாளிக்குச் சர்க்கரை. வீட்டில் கோதுமைக் கஞ்சி மட்டும்தான் என்பது ஊருக்கே தெரியும். பரோட்டா விஷயம் ஆபீஸுக்கு மட்டும் தெரியும். உள்ளே, சமையலறையில் ஒரு பாத்திரம் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு முதலாளியம்மாவின் குரல், மிகவும் நிதானமாக, "என்னது, பரோட்டாவா?" என்றது.

"ஜெயந்தி, சத்தத்தக் கொற" என்றார் முதலாளி.

ஜெயந்தி குறைக்கிற மாதிரி பாவனை செய்தாள். குறையவில்லை. ஸ்பீக்கரில் சுலைமானின் விசில் கிளம்பியது. "ஓட்டுநரே, விழித்திருக்கவும்." "நீ யாரு வீட்டுப் புள்ள?" விசில். பிறகு என் தும்மல், ஒன்று, இரண்டு. அப்புறம் அமைதி. அந்த அமைதியில் நான் விரலைத் தூக்கியிருந்தேன் என்பது ஆபீஸில் இருந்த எல்லோருக்கும் கண்ணால் பார்த்ததுபோல் தெரிந்தது.

முதலாளி ஜெயந்தியைப் பார்த்தார். "நான் வெரலத் தூக்குவேனா?"

"ஆமா சார்."

"எப்பவுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவருக்கு மூக்கு சுருங்கியது. வெளியே சாரல். ஒன்று. இரண்டு. வலது கை ஆள்காட்டி விரல், அவரைக் கேட்காமலே, மேலே ஏறி நின்றது. நாங்கள் மூன்று பேரும் அந்த விரலைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். மூன்றாவது தும்மல் வந்தது. அதோடு ஜெயந்தி மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள், சுலைமான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு விசிலடித்தான், நான் பயத்தையெல்லாம் மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி தாக்குப்பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. பதினெட்டு வருடத்தில் அவர் பல்லை நான் முழுசாகப் பார்த்தது அன்றுதான். உள்ளேயிருந்து அம்மாவின் சிரிப்பும் கேட்டது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை நிஜமாகவே கண்ணீர். "சுலைமான் தூங்கல" என்றார். எனக்குக் காற்றில் பறப்பதுபோல் இருந்தது. பிறகு, "ஜெயந்தி, இந்த நேரத்துக்கு ரோட்டுக் கேமராவப் போடு" என்றார்.

அவள் போட்டாள். இப்போது திரையில் சுலைமான் முகம் இல்லை, முன்னால் போகிற ரோடு. ஈரமான வளைவு. சீசனுக்கு வந்த ஒரு வெள்ளை வேனை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஒரு குடும்பம் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்குப் பின்னால், ரோட்டுப் பக்கம், மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண்பிள்ளை குடையைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது. எங்கள் லாரி வருகிறது. குடையின் நுனிக்கும் எங்கள் வண்டிக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். கடந்து போகிறது. பின்னணியில் விசில், பெட்டியின் குரல், என் சிரிப்பு.

"நான் ஒண்ணு கேக்கேன்" என்றார் முதலாளி. "இந்தப் புள்ளைய நீங்க பாத்தியளா?"

நாங்கள் காத்திருந்தோம். அவர் நானே சொல்லுதேன் என்று சொல்லவில்லை. அவரும் காத்திருந்தார்.

"பாக்கல மொதலாளி" என்றான் சுலைமான்.

நானும் பார்க்கவில்லை. இடப்பக்க சீட்டில் இருந்தவன் நான். அந்தப் பிள்ளை நின்றது இடப்பக்கம். நான் வலப்பக்கம் திரும்பி, இல்லாத கண்ணாடியை ஊதிக்கொண்டிருந்தேன். திருவேங்கடத்தில் பத்து நாள் கையில் வைத்திருந்த பேத்தியின் பாரம் திடீரென்று கையில் தெரிந்தது. தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"தூங்கினாலும் கண்ணு மூடும். சிரிச்சாலும் மூடும். இந்தப் புள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பிறகு தீர்ப்பு சொன்னார். சுலைமான் நாளையிலிருந்து வண்டிக்குப் போகலாம். நானும் போகலாம். ஆனால் இரண்டு பேரும் இனி ஒரே வண்டியில் ஏறக் கூடாது.

"மொதலாளி, இடப்பக்க சீட்டுல இருக்கவன் பேசணும்னு நீங்கதான் எழுதிப் போட்டிய" என்று முனகினேன்.

"பேசத்தான் சொன்னேன். இந்த மாதிரி பேசச் சொல்லல."

போகிற போக்கில் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டேன். கண்ணு இருக்கட்டும், காது வேண்டாம் என்றேன். லோடு இறங்க நிற்கும்போது கண்ணையும் மூடிவிடுங்கள், கைலி மாற்ற வேண்டும் என்றேன். அவர் உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே சம்மதித்தார். அந்த வாரத்திலேயே பன்னிரண்டு பெட்டியிலும் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். எங்கள் மானத்துக்காகப் பிடுங்கினாரா, பரோட்டாவுக்காகப் பிடுங்கினாரா என்று இன்றுவரை தெரியாது. டீக்கடையில் என்னைக் கேட்டவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். கையெழுத்துப் போடுமுன் தாளை யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். யார் பார்ப்பார்கள், எதைக் கேட்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று நேருக்கு நேர் கேளுங்கள். அதே சமயம், அது கத்தும்போது கொஞ்சம் காதும் கொடுங்கள்.

மிச்சம் எட்டு மாதம் எனக்கு ஜோடியாக வந்தவர் தம் பித்தப்பைக் கல்லைப் பற்றி மட்டும் பேசுகிறவர். புனலூர் போகும்வரை கல் எங்கே இருந்தது என்பார், திரும்பி வரும்வரை எப்படி எடுத்தார்கள் என்பார். நான் கண் இமைக்காமல் ஓட்டினேன். முருகனை மனசுக்குள் கும்பிட்டேன். ஜெயந்தி, "மாமா, உங்களுக்கு வெறுந்தாளா வருது" என்றாள். முப்பத்தேழு வருடத்தில் என்னைப்போல் ஒழுங்காக ஓட்டியவன் கிடையாது, என்னைப்போல் சலித்துக்கிடந்தவனும் கிடையாது. சில நாள் மலையில் சுலைமானின் வண்டி எதிரே வரும். இரண்டு பேரும் நேராக ரோட்டைப் பார்த்தபடி ஹாரன் மட்டும் அடித்துக்கொள்வோம். முகத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று பயம்.

கடைசி நாள் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முதலாளி பேசினார், அவரே கேட்டு அவரே பதில் சொன்னார். அம்மா வீட்டிலேயே செய்த கேசரி கொண்டுவந்தார், முதலாளி பக்கம் தட்டு போகவில்லை. எல்லாம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. புனலூர் வண்டி இன்னும் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

நாலு மணிக்கு வந்தது. சுலைமான் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். இஞ்சினை அணைத்தான். கைப்பிரேக் போட்டான். இறங்கி வந்து, சமதளமான அந்த முற்றத்தில், முன் சக்கரத்துக்கு ஒரு கல், பின் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தான். சாவியை எடுத்துவந்து முதலாளிக்கு முன்னால் மேசைமேல் வைத்தான். முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"வண்டி நிக்குது அண்ணாச்சி" என்றான். "இப்பப் பேசுங்க."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். எழுந்து நின்று, இல்லாத கண்ணாடியைக் கழற்றுவதற்காகக் கையை மூக்கருகே கொண்டுபோனேன். வாயை இன்னும் திறக்கவில்லை. அதற்குள் சுலைமானுக்குக் கண் மூடிவிட்டது.